மிட்டாதாரின் காரும் தெருவில் கட்டிய பாவும்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. ராசிபுரம் தாண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. டிரைவர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நெசவாளர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"எங்கூரு ஜமீன் மிட்டாதாரு என்னைய இன்சூரன்ஸ் கம்பெனின்னு நெனச்சுட்டாருங்க."

"ஏனுங்க, என்னாச்சு?"

"போன மாசம் ஒரு நா காத்தால தெருவுல தறிக்கு நூல் பாவு நீட்டிக் கட்டியிருந்தனுங்க. அவரு காரோட உள்ள பூந்துட்டாரு. நூலெல்லாம் அந்துபோச்சு. பாவு கட்டுன மூங்கில் பட்டு காரு வெளக்கும் ஒடஞ்சுபோச்சு. வெளக்குக்கு நாந்தான் பணங் குடுக்கோணுமாமா."

"காருக்கு இன்சூரன்ஸ் கட்டலீங்களா?"

"அது தெண்டச் செலவுன்னு உட்டுட்டாருங்க."

"அப்பறம் குடுத்தீங்களா?"

"ஒரு மாசப் பொழப்புங்க அந்தப் பாவு. மொதல்ல நூலுக்கு நீங்க குடுங்கன்னேன். தெருவே வந்து எம்பக்கம் நின்னுக்கிச்சு. நீ வெளக்குக்குப் பணங் குடுக்கற வரைக்கும் காரை எடுக்க மாட்டேன்னு கோவிச்சுக்கிட்டு நடந்தே போயிட்டாரு."

"காரு?"

"அங்கயேதாங்க நிக்குது. நல்ல கனம், எத்தன இழுத்தாலும் அசையறதில்லீங்க. இப்ப பாவ அதுலதான் கட்டறோம்."