ஒரே ஒரு சிலிண்டர்

— மாஸ்க்கைக் கழட்டி எங்கம்மாவுக்கு மாட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது, சிஸ்டர்?

— ஐயா, கொஞ்சம் காது கொடுங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஆக்சிஜன் வச்சு அரை மணிகூட ஆகல.

— போதுமே! கன்னத்தைப் பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கு. அவளுக்கென்ன கேடு?

— அந்தச் சிவப்புதான்யா கேடு. ஜெனரேட்டர் புகையில இருக்கற விஷவாயு ரத்தத்துல ஒட்டினா முகம் இப்படித்தான் மினுங்கும்.

— இழுக்காதீங்க. சுருக்கமாச் சொல்லுங்க.

— பஸ் சீட்டுன்னு வச்சுக்கோங்க. விஷவாயு உக்காந்தா லேசுல எழுந்திரிக்காது. ஏறுறதும் இறங்குறதும் நடந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா ஆக்சிஜனைக் கூட்டங்கூட்டமா உள்ள தள்ளினாத்தான் அது ஒவ்வொண்ணா இடத்தைக் காலி பண்ணும். இப்பக் கழட்டினா பாதி சீட்டு இன்னும் விஷத்துக்கிட்டதான்.

— இருந்துட்டுப் போகட்டும்! இன்னொரு சிலிண்டருக்கா பஞ்சம்?

— இங்க இருக்கறது இது ஒண்ணுதான். இன்னொண்ணு வந்துக்கிட்டிருக்கு. ஆனா உங்கம்மாவுக்கு...

— எழுபது வயசு அவங்களுக்கு! அவங்களைக் காக்க வைக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?

— ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டினது யாரு?

— நான்தான். வெளிய வச்சா தூக்கிட்டுப் போயிடுவானுங்க. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு சன்னலையும் சாத்திட்டுக் கடைக்குப் போனேன். இவ திறக்க வேண்டியதுதானே? கையை வாடகைக்கா விட்டிருந்தா?

— கதவைத் திறந்ததே அவங்கதான். உங்கம்மாவை இழுத்துக்கிட்டு வந்து வாசல்ல விழுந்து கிடந்தாங்களாம்.

— பெரிய தியாகி! பொண்டாட்டி போனா இன்னொருத்தி வருவா. பெத்தவ வருவாளா? கழட்டுங்க!

— மெதுவாப் பேசுங்க, அவங்க காதுல விழும்.

— விழட்டுமே! மயங்கிக் கிடக்கறவளுக்கு என்ன தெரியப் போகுது? நகருங்க, நான் அம்மாவைப் பாக்கணும்.

— ஐயா, திரையை இழுக்காதீங்க. வந்ததுலேருந்து அதைத்தான் சொல்ல வர்றேன், எங்க விடறீங்க... ஐயோ, நீ ஏம்மா எழுந்திரிக்கற? மாஸ்க்கைத் தூக்காதே!

— ஏங்க, அத்தை முகத்தைத் துணியால மூடிக் கால் மணி நேரமாச்சு. இப்ப இதைக் கழட்டி யாருக்கு மாட்டணும், சொல்லுங்க.