உப்போடைப் பாலத்தின் கடைசிப் படம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரீப். ரோவீனா போடுகிற காப்பி இவ்வளவு திடமாக இருக்காது. கழுநீர் மாதிரி இருக்கும். அதைச் சொன்னால், "ஓசிக் காப்பிக்கு வாய் வேறயா?" என்பாள். அவளைப் பற்றி இறந்தவளாகப் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இந்த நெவாடாப் பாலைவனத்தில் மிஞ்சியிருக்கும் பழைய இரும்புப் பாலங்களை, இடிப்பதற்கு முன்னால் அளந்து, படமெடுத்து, ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புகிறேன். வாழ்நாள் முழுக்கப் பிணத்துக்குப் பொட்டு வைக்கிற வேலை. உப்போடைப் பாலம் ஒன்றையாவது உயிரோடு காப்பாற்ற நினைத்தேன். அது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.

ரோவீனாவின் பாடு வேறு. ஓடைக்கு அக்கரையில் இருக்கிற அவள் பண்ணையில் கிணறு வற்றிவிட்டது. மாடுகளுக்கு டவுனிலிருந்து லாரித் தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாலத்தின் அடிச்சட்டத்தில் விரிசல் கண்டு இரு முனையிலும் தடுப்பு வைத்த பிறகு, மலையைச் சுற்றி அரை நாள் ஓட்ட வேண்டியதாயிற்று. வறண்ட ஓடைக்குள் இறங்கினால் தொட்டியின் பாரத்தில் சக்கரம் மணலில் புதைந்துவிடும். பழையதை இடித்துப் புதுப் பாலம் கட்டச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினாள். வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, "கோவிச்சுக்காதய்யா எல்வுட். உன் இரும்புப் பொண்டாட்டியை நீ கொஞ்சு. என் மாடு சாகுதே, நான் என்ன பண்றது?" என்றாள். நானும் சிரித்தேன். எனக்கு அவள் மேல் கோபமே கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று தடுப்புகளை நகர்த்தியது நான்தான். காப்பகப் படத்தில் ஆளோ வண்டியோ இந்தக் காலத்துப் பலகையோ தெரியக்கூடாது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். படம் எடுத்ததும் திரும்ப வைத்துவிடுவோம். அக்கரையில் முக்காலியை நிறுத்தி, வெயில் சட்டங்களின் மேல் சாய்ந்து விழும்வரை காத்திருந்து எடுத்தேன். அழகான படம். கேமராவைக் கழற்றி வைப்பதற்குள் அவள் லாரி எதிர்முனையில் வந்து நின்றது.

"யோவ் எல்வுட், தடுப்பைக் காணோமே! சரி பண்ணிட்டாங்களா?"

"தாங்கும், வா" என்று கத்தினேன்.

"தொட்டி நெறையத் தண்ணி இருக்குய்யா."

"எங்க தாத்தா காலத்துலேருந்து தாங்குது. உன்னைத் தாங்காதா?"

"என்னைக் குண்டுங்கிறியா? இரு, வந்து வச்சுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை, ஷெரீப். நம்பித்தான் சொன்னேன். நிறைந்த தொட்டியோடு அவளே கடந்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் பாலத்தை இடி என்று எவன் வாய் திறப்பான்? அவளே எனக்குச் சாட்சியாக ஆகியிருப்பாள். அந்த ஆசைதான் எனக்கு.

நடுவில் வந்ததும் அடிச்சட்டம் விட்டுப்போனது. பெரிய சத்தம்கூட இல்லை. தொட்டி பிளந்து, எத்தனையோ வருடம் கழித்து அந்த ஓடையில் தண்ணீர் ஓடியது. அவள் மாடுகள் வாடை பிடித்து வேலிவரை வந்து கத்தின. நான் இறங்கி ஓடினேன். லாரிக் கதவு நசுங்கித் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது. நீங்கள் வரும்வரை விடவில்லை. அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு இனிக் கிடைக்கமாட்டாள். பாருங்கள், இப்போதும் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது.

ஆனால் அந்தப் பாலத்தின் மேல் நான் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் நீங்கள் சந்தேகப்படாதீர்கள்.

என்ன கேட்டீர்கள்? கேமராவோடு நான் அக்கரைக்கு எப்படிப் போனேன் என்றா?

மணலில் இறங்கித்தான் நடந்து போனேன். பாலத்தில் கால் வைக்கவில்லை. கேமரா காப்பகத்தினுடையது, ஷெரீப். அதற்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?