செடிக்குக் காட்டிய ஆவி

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் எதிரே உட்கார்ந்திருந்தவள் பக்கத்துக்காரியிடம், "செடிக்கு தெனமும் ஆவி காட்டுனேன்க்கா" என்றாள். எனக்குக் கண்தான் மங்கல், காது மங்கவில்லை. அவள் மடியில் ஒரு மரக்கிளை, அதில் ஒட்டி வளர்ந்து கருகிப்போன செடி.

"இன்னாடி, அதுக்குச் சளியா?"

"எங்க வூட்டுக்காரர் சாகறதுக்கு முன்னாடி மலையிலேர்ந்து கொண்டாந்தது. அங்க மழை இல்லாத நாள்லயும் மேகம் வந்து எலைய நனைக்குமாம். அதுலயே வளருமாம்."

"மேகம் ஜில்லுனு கீதுடி. நீ சுடச்சுட வுட்டு வேக வச்சுட்டியே."

"பல்லாவரம் சந்தையில செடிக்காரர்கிட்ட காட்டப் போறேன். வேர்ல உயிர் இருக்கும்ல?"

அக்கா வேரை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். உள்ளே பச்சையே இல்லை என்பது என் மங்கல் கண்ணுக்கே தெரிந்தது.

"இருக்கும்டி" என்றாள்.