அந்த ஆறு படி எங்கே?

– கையெழுத்துதானே? போடுறேன் மேடம். முதல்ல மேல ஏறுவோம், எண்ணுவோம். நூத்தித் தொண்ணூத்திமூணு வந்துச்சுன்னா ஒண்ணு இல்ல, ஒம்போது கையெழுத்து போடுறேன்.

– ஐயா, உங்க மனுவை முடிச்சு வைக்கத்தான் நான் வந்திருக்கேன். லைட்ஹவுஸ் ஏற வரலை.

– எத்தனாவது மனு அது?

– பதினொண்ணாவது.

– பதினொரு மனு. ஒரு ஆளாவது வந்து படியை எண்ணிப் பார்த்தீங்களா?

– எண்ண வேண்டிய அவசியமே இல்லைங்க. சுற்றுலாத் துறைக் கையேடு, முப்பத்திநாலாம் பக்கம். 'இக்கலங்கரை விளக்கத்தில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று படிகள் உள்ளன.' கைடு பரீட்சையில கேட்டது அது. நீங்க நூத்தி எண்பத்தேழுன்னு எழுதுனீங்க. தப்பு. இதுல நான் என்ன பண்ண?

– மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் நூத்தி எண்பத்தேழுதான் எழுதினேன்.

– அதான் மூணு தடவையும் ஃபெயில். உள்ளூர்க் கேள்வி அஞ்சும் சரியா இருந்தாத்தான் லைசென்ஸ்னு புதுச் சுற்றுலாக் கொள்கையில போட்டிருக்கு. மூணு வாய்ப்பும் முடிஞ்சாச்சு. இனி ரெண்டு வருஷம் எழுத முடியாது. அதைப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

– ஒண்ணாம் தேதியிலிருந்து லைசென்ஸ் இல்லாத கைடை கேட்டுக்குள்ள விடக் கூடாதுன்னும் போட்டிருக்கே, அதைச் சொல்லலையே நீங்க. இன்னும் ஒம்போது நாள். முப்பத்தோரு வருஷமா இதே படியில ஏறி எறங்கி முட்டி தேஞ்சவன், ஒம்போது நாள் கழிச்சு வெளியில நின்னு வேடிக்கை பார்க்கணும். வயிறு எரியுமா எரியாதா?

– எரியும்ங்க. யார் இல்லைன்னா? பேசாம நூத்தித் தொண்ணூத்திமூணுன்னு எழுதித் தொலைச்சிருந்தா இந்த வம்பே இல்லையே. ஏன் இந்தப் பிடிவாதம்?

– என் வீட்டுக்காரியும் அதையேதான் கேக்குறா. தட்டு வைக்கும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. சொல்றதைக் கேளுங்க மேடம். நான் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்ல. பயணிகளுக்கு நான் சொல்ற உடைஞ்ச கப்பல் கதையில நிஜமா ரெண்டு பேர்தான் செத்தாங்க. நான் இருபது பேரை முழுக வச்சிருக்கேன். ஒத்துக்கிறேன். ஆனா படிக் கணக்குல மட்டும் இந்த வாய் ஒரு நாளும், ஒருத்தருக்கும் பொய் சொன்னதில்ல. அதைப் போய்ப் பரீட்சையில சொல்லச் சொன்னா கை வரலை.

– பெருமைதான். அந்தப் பெருமையை வச்சு ஒண்ணாம் தேதி என்ன பண்ணுவீங்க?

– அதுக்குத்தான் உங்களை ஏறச் சொல்றேன். பயமா இருந்தா சொல்லுங்க.

– எனக்கென்ன பயம்? ...சரி. ஒரே ஒரு தடவை. எண்ணிட்டுக் கீழ வந்ததும் மறுபேச்சு இல்லாம கையெழுத்து.

– வாங்க வாங்க. வாசல்ல அந்த இதயம் மாதிரி வளையம் வச்சிருக்கீங்களே, அதுல இடிச்சுக்காம வாங்க.

– அது செல்ஃபி முனை. கொள்கையில வர்ற முக்கியமான அம்சம்.

– மேல போனா குடிக்க ஒரு வாய் தண்ணி கிடையாது. கீழ ஒரு கக்கூஸ் கிடையாது. இதயம் மட்டும் கொடுத்திருக்கீங்க. சரி, வலது காலை வைங்க. ஒண்ணு.

– ரெண்டு.

– மூணு. நாலு. தலை குனிஞ்சு வாங்க. அஞ்சு.

– ஆறு, ஏழு... நீங்க நினைக்கிற மாதிரி கொள்கை ஒண்ணும் வெத்து வேட்டு இல்லைங்க. கைடுகளுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, மொழிப் பயிற்சி இருக்கு. பன்னெண்டு அம்சத் திட்டம். அஞ்சு வருஷத்துல பயணிகள் எண்ணிக்கையை இருபது லட்சத்திலிருந்து நாப்பது லட்சமா...

– இருபத்திரெண்டு, இருபத்திமூணு... இருபது... மேடம், எத்தனை சொன்னேன்?

– நாப்பது லட்சம்னு நான் சொன்னேன். நீங்க சொன்னது... ஐயோ.

– போச்சு. எறங்குங்க.

– எதுக்கு எறங்கணும்? குத்துமதிப்பா இருபத்தஞ்சுன்னு வச்சுக்கலாமே.

– குத்துமதிப்பா வச்சதாலதானே இந்தக் கதி! எறங்குங்க, முதல்லேருந்து.

– என் உயிரை வாங்குறீங்க. மறுபடியும் குழம்பாம இருக்க ஏதாவது அடையாளம் வைங்க. சாக்பீஸ் இருக்கா?

– இருக்கு. ஆனா பழைய கட்டடத்துல கோடு போட்டா அபராதம்னு போன மாசம் போர்டு வச்சீங்க.

– ...ஆமா, வச்சோம்.

– பொறுங்க. டிக்கெட் கவுன்டர் கீழ உங்க துறை நோட்டீஸ் கட்டுக் கட்டாக் கிடக்கு. யாரும் எடுக்கிறதில்ல. பத்துப் படிக்கு ஒண்ணு வைப்போம். அச்சடிச்சதுக்கு இன்னைக்காவது பிரயோஜனம். ம், ஆரம்பிங்க. எண்ணிக்கையைத் தவிர வேற ஒரு வார்த்தை கூடாது.

– ஒண்ணு. ரெண்டு. மூணு.

– அப்படியே போங்க. நான் பின்னாலேயே வர்றேன். பத்து வந்துச்சா? வைங்க நோட்டீஸை.

– ...இருபது. வச்சாச்சு. ...இருபத்தெட்டு. ஏங்க, ஏன் ஒரு படி கீழ எறங்குறீங்க? கணக்கு கெட்டுடப் போகுது!

– பதறாதீங்க, இருபத்தெட்டுதான். இது பழக்க தோஷம் மேடம். சன்னல் வந்தா என் கால் தானா எறங்கிடும்.

– சன்னலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

– பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருவாங்க இல்ல? பாதியில ஒண்ணு ரெண்டு பயந்து அப்படியே உட்கார்ந்துடும். அதட்டினா நகராது. அதுங்களுக்கு ஒரு விளையாட்டு வச்சிருந்தேன். சத்தமா எண்ணிக்கிட்டே ஏறணும். சன்னல் வந்தா ஒரு படி எறங்கி, 'கடலே, டாட்டா'ன்னு கையாட்டிட்டு மறுபடி ஏறணும். ஏறும்போது எண்ணுறதை மட்டும் நிறுத்தக் கூடாது. அடுத்த சன்னல் எப்போ வரும்னு அதுங்களே ஓடும். 'வா கண்ணு, கடல் காத்துக்கிட்டு இருக்கு'ன்னா போதும்.

– கடலுக்கு டாட்டாவா?

– என்ன மேடம், நின்னுட்டீங்க? மூச்சு வாங்குதா?

– இல்ல. மொத்தம் எத்தனை சன்னல்?

– ஆறு. அதையாவது கையேட்டுல சரியா போட்டிருக்கீங்களா?

– ...நடங்க. இருபத்தொம்போது. முப்பது. நோட்டீஸ் கொடுங்க.

– வாசல்ல போர்டுலயும் அதே நூத்தித் தொண்ணூத்திமூணை எழுதி மாட்டியிருக்கீங்களே, அதனால எனக்கு வர்ற தலைவலி உங்களுக்குத் தெரியுமா? எண்ணிக்கிட்டே ஏறுறவங்க மேல வந்து என் சட்டையைப் பிடிக்கிறாங்க. 'மீதி ஆறு படி எங்கய்யா?' நான் என்னமோ சட்டைப் பையில போட்டு வச்சிருக்கிற மாதிரி.

– பேசக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான். ...அம்பது.

– சரி, பேசலை. ...ஆனா ஒண்ணு கேக்கிறேன். தப்புன்னு தெரிஞ்சா திருத்த என்ன கஷ்டம்? ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டியதுதானே?

– உங்களுக்கு எப்படிச் சொல்றது... அறுபது, வைங்க. கையேடு நாலு மொழியில அடிச்சாச்சு. போர்டு வச்சாச்சு. செயலியில ஏத்தியாச்சு. திருத்தணும்னா நேர்ல சரிபார்த்து ஒரு அதிகாரி கையெழுத்து போடணும், அப்புறம் அது குழுவுக்குப் போகணும். யாரும் போட மாட்டாங்க. போட்டா யார் தப்புன்னு கேள்வி வரும். எங்க இன்ஜினியர்கிட்ட உங்க மனுவைக் காட்டினேன். அவர் சொன்னார், புத்தகத்தைத் திருத்துறதைவிட ஆறு படி கட்டுறது சுலபம்னு.

– என்னது?

– அடிப்படை வசதி மேம்பாடுன்னு அதுக்கு ஒரு தலைப்பு இருக்கு. நிதியும் இருக்கு. திருத்தத்துக்குத் தலைப்பே இல்ல.

– எங்க கட்டுவாராம்?

– வாசல்ல.

– அப்போ தரையிலிருந்து ஆறு படி ஏறி, நிலைவாசல்ல நெத்தியை முட்டிக்கிட்டு, ஆறு படி எறங்கி உள்ள வரணுமா? எறங்குற படியையும் எண்ணினா நூத்தித் தொண்ணூத்தொம்போது ஆயிடுமே! அதுக்கு ஒரு பரீட்சை வைப்பீங்களா?

– என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது? நான் மட்டும் சந்தோஷமா இருக்கேனா? எண்பத்தொண்ணு. எண்பத்திரெண்டு.

– மூணாவது சன்னல் வந்துடுச்சு. பார்த்து, இங்க படி வழுக்கும்... மேடம், நீங்க எதுக்கு எறங்குனீங்க?

– எறங்கினேனா?

– ஒரு படி எறங்கி ஏறுனீங்களே. என் வியாதி உங்களுக்கும் தொத்திக்கிச்சா?

– ...கால் தவறிடுச்சு. எண்பத்திமூணு. நீங்க இங்க சேர்ந்து எத்தனை வருஷம்னு சொன்னீங்க?

– முப்பத்தொண்ணு.

– முப்பது வருஷத்துக்கு முன்னாடி வேற கைடு யாராவது இருந்தாங்களா?

– யாரு வருவா இங்க? அப்போ பஸ்ஸே ஒண்ணுதான். நான் ஒருத்தன்தான். பெரிய மீசை வச்சிருப்பேன், பிள்ளைங்க அதைப் பிடிச்சு இழுக்கும். ஏன் கேக்குறீங்க, பதிவேட்டுல சேர்க்கவா? அதுக்கும் ஒரு பரீட்சை உண்டா?

– சும்மாதான். தொண்ணூறு. நோட்டீஸ்.

– முகமே மாறிப்போச்சு உங்களுக்கு. வேணும்னா உட்காருங்க, நான் தொண்ணூறைப் பிடிச்சு வச்சிருக்கேன்.

– வேண்டாம். ஏறிடலாம்.

– ...நூத்தி அம்பது. அட, பேசாம வந்தா எவ்வளவு சீக்கிரம் வந்துட்டோம். இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோங்க. அஞ்சாவது சன்னல் தாண்டியாச்சு.

– நூத்தி எழுபது. நூத்தி எழுபத்தொண்ணு.

– ஆறாவது சன்னல். அவ்வளவுதான், இனிமே நேரா மேலதான்.

– நூத்தி எண்பது. கடைசி நோட்டீஸ். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு...

– ஏழு! இந்தா, தளம். காலைத் தட்டிப் பாருங்க. இதுக்கு மேல படி இருக்கா? விளக்கு மேல ஏறி உட்கார்ந்து தேடணும்னாலும் தேடுங்க. பதினெட்டு நோட்டீஸ், ஏழு படி. நூத்தி எண்பத்தேழு! ஐயோ, என் முட்டி.

– ஆமா. நூத்தி எண்பத்தேழு.

– இன்னொரு தடவை சொல்லுங்க.

– நூத்தி எண்பத்தேழு. கையேடு தப்பு. நீங்க எழுதினது சரி.

– பதினொரு மனு மேடம். இந்த ஒரு வார்த்தைக்குப் பதினொரு மனு. என் வீட்டுக்காரி இங்க இருந்திருக்கணும்.

– உட்காருங்க. திருத்தப் படிவத்தை இங்கயே எழுதிடறேன். கீழ போனா எனக்கு மனசு மாறினாலும் மாறிடும். 'சரியான விவரம்': நூத்தி எண்பத்தேழு. 'நேரில் சரிபார்த்த அதிகாரி': நான். இதுலயே உங்க மூணாவது பரீட்சைக்கு மதிப்பெண் திருத்தவும் எழுதறேன். ஒம்போது நாள்ல உங்க கையில லைசென்ஸ் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.

– நல்லா இருப்பீங்க. கண்ணுல தண்ணி வருது, தப்பா எடுத்துக்காதீங்க, மேல காத்து அதிகம்.

– இன்னும் ஒரு கட்டம் இருக்கு. 'தவறான தகவலைத் தந்தவர்'.

– அதான் மேடம் முக்கியம்! எழுதுங்க அந்த ஆள் பேரை. என்னை மூணு தடவை ஃபெயிலாக்கி, ஊரெல்லாம் என் சட்டையைப் பிடிக்க வச்ச அந்த மகராசனைச் சும்மா விடாதீங்க.

– இதுல பேர் வந்தா அந்த ஆளுக்குத் துறையில எந்த லைசென்ஸும் கிடைக்காது. எப்பவுமே.

– கிடைக்கக் கூடாது! படியைக் கூட ஒழுங்கா எண்ணத் தெரியாதவனுக்கு என்ன லைசென்ஸ்?

– நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

– முப்பத்தோரு வருஷம் யோசிச்சுட்டேன். எழுதுங்க.

– எழுதிட்டேன்.

– யாரு?

– நான்.

– நீங்களா?

– முப்பத்திநாலாம் பக்கத்தை எழுதினது நான்தான். எனக்கு லைசென்ஸ் எதுவும் வேண்டியதில்ல, விளக்கக் கடிதம் கேப்பாங்க, கொடுத்துக்கிறேன்.

– அடக் கடவுளே. உங்க முன்னாடியேவா இவ்வளவு நேரமும் திட்டிக்கிட்டு வந்தேன்? இருந்தாலும் கேக்கிறேன் மேடம், ஒரு தடவை கூட எண்ணிப் பார்க்காமலா எழுதுனீங்க?

– எண்ணினேங்க. ஒவ்வொரு படியா, சத்தமா. என் மூணாங்கிளாஸ் நோட்டுல இருந்துதான் அதை எடுத்துப் போட்டேன்.

– மூணாங்கிளாஸா? சின்னப் பிள்ளை எண்ணினதை யாராவது நம்புவாங்களா? சரியா எண்ணிச் சொல்ல கூடப் பெரியவங்க யாருமே இல்லையா?

– இருந்தார். நாப்பதாவது படியில நான் பயந்து போய் உட்கார்ந்து அழுதேன். பெரிய மீசைக்காரர் ஒருத்தர் கையைப் பிடிச்சு, மறுபடி முதல் படியிலிருந்து எண்ண வச்சு, ஆறு சன்னல்லயும் ஒரு படி எறக்கிக் கடலுக்கு டாட்டா காட்டிட்டு, எண்ணிக்கையை விடாம இதே இடத்துக்குக் கூட்டிட்டு வந்தார். 'நூத்தித் தொண்ணூத்திமூணு! எழுதி வச்சுக்கோ கண்ணு'ன்னார். எழுதி வச்சுக்கிட்டேன்.