மடிப்புக் கலையாத துணி

அந்தச் சாப்பாட்டுக் கடையா? வேண்டாம்மா, நான் சொல்றேன் கேளுங்க. வாசல்ல சிவப்புப் படுதா, சுவர் பூரா கண்ணாடி, பார்த்தா அசல் பழைய பிரெஞ்சு பிஸ்ட்ரோவேதான். ஆனா அங்கேருந்து சலவைக்கு வர்ற துணியில எல்லாம் கெட்சப் கறை! ஒழுங்கா சாஸ் வைக்கத் தெரிஞ்சவன் கடையில பாட்டில் கெட்சப்புக்கு என்ன வேலை?

உக்காருங்க. உங்க கோட்டு இன்னும் ஈரமா இருக்கு, கொஞ்சம் ஆவி காட்டித் தரேன். காபியைக் கொட்டிட்டு அழுவாத குறையா ஓடி வந்தீங்களே, கறை இருந்த எடமே தெரியலை பாருங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த ஊர்ல பாதி பிஸ்ட்ரோவோட மேஜைவிரிப்பும் வாய் தொடைக்கிற துணியும் என் மெஷின்லதான் சுத்துது. மூட்டையைப் பிரிச்சாப் போதும், எவன் மனசு வச்சு சமைக்கிறான், எவன் ஊரை ஏமாத்துறான்னு சொல்லிடுவேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு. சர்வர் ஒரு சிடுமூஞ்சி, சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க போல. ஆனா அந்த வெங்காய சூப்பு! விரிப்புல சீஸ் நூல் நூலா ஒட்டிக்கிட்டு வரும், சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு. ஜனம் ஆற விடாம அள்ளிச் சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம். மார்க்கெட் முனையில இன்னொண்ணு, ஒயின்ல வேக வச்ச மாட்டுக்கறி. அங்கேருந்து வர்ற துணியை உதறினா ரொட்டித்தூளாக் கொட்டும். தட்டுல ஒட்டின குழம்பைக்கூட ரொட்டியால வழிச்சுடுறாங்க. என்ன, எடம்தான் நெருக்கடி. பக்கத்து ஆளோட முழங்கை உங்க சூப்புல இருக்கும்.

எனக்கு ஜென்ம விரோதின்னா லிப்ஸ்டிக்தான். ஐயோ, உங்களைச் சொல்லலைம்மா! குழம்பு போயிடும், ஒயின் போயிடும், இந்தச் சனியன் மட்டும் லேசுல போகாது.

ஆனா இன்னிக்கு நீங்க போக வேண்டிய எடம் அது ரெண்டும் இல்லை. தையக்கடைப் பக்கத்துச் சந்துல, கோடியில, பச்சைக் கதவு. புதுக்கடை. அன்னன்னிக்கு என்ன சமையல்னு கரும்பலகையில எழுதி வச்சிருக்கும். எழுத்துதான் கோழி கிறுக்கின மாதிரி, அவன் வறுக்கிற கோழியைச் சாப்பிட்டா மன்னிச்சுடுவீங்க.

கூட்டமா? ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான். அதனாலதான் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கமிஷனா? அட போங்கம்மா நீங்க வேற!

அவன் துணி என்ன சொல்லுதுன்னா கேக்குறீங்க? ம்ம். கெட்டிக்காரிதான் நீங்க.

போன வாரம் மூட்டையைப் பிரிச்சேன். எல்லாத் துணியிலயும் கறை. ஆகா, கூட்டம் வர ஆரம்பிச்சுடுச்சுன்னு குதிச்சேன். அப்புறம் ஜன்னல்கிட்ட கொண்டுபோய் விரிச்சுப் பார்த்தா, எல்லாத்துலயும் ஒரே மூலையில, ஒரே அளவுல, வட்டமாக் குழம்பு. துணி கசங்கவே இல்லை. நான் இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே நிக்குது. எந்த மனுஷன்மா மடிப்புக் கலையாம வாய் தொடைப்பான்? கரண்டியால தொட்டுத் தொட்டு வச்சு அனுப்பியிருக்கான் பாவி!

எதுக்குன்னா... கடை போடுறப்பவே நான் கத்தினேன், அந்தச் சந்துக்குள்ள எவன்டா வருவான்னு. வர்றானா இல்லையான்னு மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துக்கோ அக்கான்னு முறுக்கிக்கிட்டுப் போனான். ஆமா, கூடப் பொறந்தவன்தான். எனக்கு அடுத்தவன். யார்கிட்ட வேலையைக் காட்டுறான் பாருங்க! முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ராத்திரி ஆளில்லாத கடையில ஒத்தையா நின்னு ஒவ்வொரு துணியா எடுத்துக் கறை வச்சிருப்பானேன்னு நெனச்சதும் எல்லாத்தையும் அப்படியே திரும்பக் கட்டி வச்சுட்டேன். அந்த மூட்டையை இன்னும் மெஷின்ல போடலை.

இந்தாங்க கோட்டு, சூடு பார்த்துப் போட்டுக்கோங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் அங்க வாயைத் தொறந்துடாதீங்க, மானஸ்தன்.

அப்புறம் ஒண்ணும்மா. போறப்ப லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் அழுத்தமாவே போட்டுக்கோங்க. சாப்பிட்டுட்டு நல்லாக் கசக்கித் தொடைங்க. எவ்வளவு நேரமானாலும் நான் துவைச்சுக்கிறேன்.