வே-ண்டா-ம்

சொல்லைப் பிரிக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டால் பாதி நேரம் சரியாகத்தான் பிரிக்கும். மீதி நேரம் உங்கள் அலுவலகக் கடிதங்களைப் போல, எங்கே வெட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வெட்டும். இருபத்தோரு வருடம் தட்டச்சு செய்தவள் நான், தெரிந்துதான் சொல்கிறேன்.

என் கணவர் அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். ஒரு ஒற்று விடுபட்டால் ஊரைக் கூட்டுவார். அங்கே அவருக்கு ‘ஒற்றுப்புலி’ என்றே பெயர். வீட்டிலும் அதே வேட்டைதான். விருந்தாளிகள் முன்னால் நான் ‘பளம்’ என்று சொல்லிவிட்டால் போதும், “எங்க, இன்னொரு தடவ சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். “இவ தட்டுறவதான, எழுதுறவ இல்லையே” என்று சேர்த்துக்கொள்வார். நானும் சிரித்துவிட்டுத் தேநீர் எடுத்துவரப் போவேன்.

போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். நல்லவள், நல்லவர்களுக்கே உரிய அசட்டுத்தனமும் இருந்தது. “முதல் ஆறு மாசம்தான் முக்கியம்க்கா. அதுக்குள்ள பேச்சு வந்தாத்தான் உண்டு. சொல்லைத் துண்டு துண்டாப் பிரிச்சு அச்சடிச்சு, தினமும் சொல்ல வைங்க” என்றாள்.

செய்தேன். பக்கத்தின் ஓரங்களை இரண்டு புறமும் நெருக்கினால், வரியில் இடம் போதாமல் மென்பொருளே சொல்லை உடைத்துக் கீழே தள்ளும். தண்-ணீர். மருந்-து. முதல் வாரத்திலேயே அவர் ‘தண்’ என்றார், பிறகு ‘ணீர்’ என்றார். பயிற்சிக்காரி கைதட்டினாள். அன்று மாலை நான், “பொளுது சாயுது, உள்ள போலாம்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயைக் கோணி, எச்சில் ஒழுக, ‘ழு’ என்றார். யாரும் கேட்காமல், தானாக அவருக்குத் திரும்பி வந்த முதல் எழுத்து அது.

மறுநாள் தாளில் மென்பொருள் ஒரு சொல்லைத் தப்பாக உடைத்திருந்தது: க-ண்ணாடி. புள்ளி எழுத்தில் தொடங்கும் துண்டை யாராலும் சொல்ல முடியாது, நீங்களே சொல்லிப் பாருங்கள். அவர் நாக்கு முட்டிக்கொண்டு நின்றது. திருத்தத்தான் உட்கார்ந்தேன். திருத்தவில்லை. தானாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கோடுகளை நானே போட ஆரம்பித்தேன். சா-ப்பா-டு. வலி-க்கு-து. வே-ண்டா-ம். பயிற்சிக்காரி வரும் நாளில் மட்டும் மேசையில் சரியான தாள்கள் இருக்கும்.

அவருக்குத் தெரியாமலா போகும்? இடது கையால் தாளை அடித்தார். பென்சிலைப் பிடுங்கி ஒவ்வொரு கோட்டையும் சரியான இடத்துக்கு மாற்றினார். அறுபத்து மூன்று சொற்கள், ஒன்றில்கூடப் பிழையில்லை. “தாளைக் கண்டாலே அடிக்கிறாரும்மா, புத்தி தடுமாறுது போல” என்று நான்தான் பயிற்சிக்காரியிடம் சொன்னேன். ஐந்து மாதம் தப்பாகப் பழகிய நாக்கு சரியான தாளிலும் முட்டியது. இனிப் பயனில்லை என்று கண்கலங்கியபடி எழுதிக் கொடுத்தாள். அவரைக் காப்பகத்தில் சேர்த்தேன். அங்கே யார் என்ன செய்தாலும் அவரால் மறுத்து ஒரு சொல் சொல்ல முடியாது.

அவர் திருத்திய தாள்களைக் கோப்பில் வைத்திருந்தேன். நான் தட்டச்சு செய்ததைக் கிழித்துப் போடும் வழக்கம் எனக்கில்லை. நாத்தனார் அலமாரியைக் குடைந்து எடுத்து, புகாரோடு உங்களிடம் கொடுத்திருக்கிறாள். “அண்ணன் புத்தியோடதான் இருந்திருக்காரு அண்ணி” என்று என்னிடம் அழுதாள். பெரிய கண்டுபிடிப்பு. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று எழுதாதீர்கள். தினமும் தாளை எடுத்து வைக்கும்போது அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். நாலு பேர் முன்னால் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்ததற்கு ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால், அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். ஐந்து மாதமும் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.