ரோட்டைப் பார்த்த ஜன்னல்

— காலேஜ் ரேடியோ ஸ்டேஷனுக்கு யாராவது ஜன்னல் கேப்பாங்களா, செவ்வந்தி? கொஞ்சம் பிராக்டிகலா பேசும்மா.

— நான் கேக்கறேன். எழுது. ரோட்டப் பாத்த மாதிரி, கண்ணாடி போட்டு, பெருசா ஒண்ணு.

— லாரி சத்தம், டவுன் பஸ் ஹாரன், எல்லாம் மைக்குல வந்து உக்காந்துக்கும். லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மா கெடக்கு. நாலு பக்கமும் சுவரு. பிராக்டிகலா அதான் ஸ்டூடியோ.

— அது ஸ்டூடியோ இல்ல, தனசேகரா. எலிப்பொறி.

— நாலு மணிக்கு பிரின்சிபால் கையில பிளான் இருக்கணும். எந்த ரூமுன்னு நம்மளையே முடிவு பண்ணிக்கச் சொல்லிட்டாரு. ரேடியோ கமிட்டி தலைவர் கையெழுத்து இல்லாம அது போவாது. தலைவர் யாரு?

— நீதான். எலவனாசூர்கோட்டையில ரெண்டு பம்புசெட்டு வெச்சிருக்கிற வூட்டுப் பையன். உங்கப்பா மைக்கு வாங்கித் தரேன்னாரு, உன்னத் தூக்கி நாற்காலியில வெச்சாங்க. ஜனங்களுக்கு ரேடியோவுல இன்னா வேணும்னு வெயில்ல அலைஞ்சி சர்வே எடுத்தவ செயலாளர்.

— நானும்தான் அலைஞ்சேன். கருணாபுரத்துல நூறு ஃபாரம்.

— கருணாபுரத்த எனுக்குக் குடுன்னுதான் கேட்டேன். ‘நீ பொண்ணு, அந்த ஏரியா சரியில்ல’ன்னு புடுங்கிக்கின.

— உன் நல்லதுக்குத்தாம்மா. உன்னுது எத்தனை?

— அறுவத்திரெண்டு.

— கம்மி. அதுலயும் ஒரு பேரு கெடையாது. வெறும் நம்பரு.

— பேரு எழுதினா ரேஷன் கார்டுல கைய வெச்சிடுவீங்களான்னு கேட்டாங்க. நம்பர் மட்டும் போட்டுக்கறேன்னு சொன்னப்புறந்தான் வாயத் தொறந்தாங்க.

— தொறந்து என்ன சொன்னாங்கன்னு பாக்கறேன். மூணாம் நம்பர், மூங்கில்துறைப்பட்டு. ‘ஆலை வாசல்ல இன்னிக்கு எத்தினி கரும்பு வண்டி நிக்குதுன்னு விடியறப்பவே சொல்லுங்க. நான் வண்டி கட்டறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கறேன்.’ இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?

— ரெண்டு நாளா வரிசையில நின்னவருக்கு அதான் நிகழ்ச்சி.

— ஒன்பது, வெள்ளிமலை. ‘மலை பஸ்சு வருமா வராதா. வரலன்னா யாரு காரணம்.’ பத்து. ‘மாமியாரத் திட்டறதுக்கு ஒரு மணி நேரம் வேணும். பேர மாத்திக்கலாம்.’

— அத அரை மணின்னு கொறைச்சிட்டேன். மீதி அரை மணி மாமியாருக்கு.

— பதினேழு… ‘பேசறவங்க மொகம் தெரியுமா?’ செவ்வந்தி, ரேடியோவுல மொகம் தெரியுமான்னு கேட்ட அறிவாளி யாரு? இத பிரின்சிபால் பாத்தா நம்ம லெவல் என்னாவறது?

— சிரிச்சி முடிச்சிட்டியா? அதுக்குத்தான் ஜன்னல்.

— ஒரு ஆளு கேட்டதுக்கு சுவத்த இடிக்கணுமா?

— இடிக்கவே வேணாம். சைக்கிள் ஷெட்டு பக்கத்து ரூம்ல ஏற்கெனவே ரோட்டப் பாத்த ஜன்னல் இருக்கு. பலகை அடிச்சி மூடி வெச்சிருக்காங்க. புடுங்கிட்டு கண்ணாடி போட்டா ஆச்சி.

— முடியாது. என் நூறு பேருல ஒருத்தர்கூட ஜன்னல் கேக்கல.

— உன் நூறு பேரு இன்னாதான் கேட்டாங்க? அந்தக் கட்டக் குடு. கர்நாடக சங்கீதம்… கர்நாடக சங்கீதம்… வீணை… இன்னாப்பா இது, கடைசி வரைக்கும் இதான் போய்க்கினு இருக்கு.

— ரசனை உள்ள ஜனங்க.

— கொத்து வேலையும் மூட்டை வேலையும் முடிச்சி வந்து, காலு கழுவிட்டு, வீணை.

— ஏன், அவங்க கேக்கக்கூடாதா? சமத்துவம் சமத்துவம்னு நீதான கத்துவ.

— ஒரே பேனா. ஒரே எழுத்து. கதவு நம்பர் ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் ஒரு வூடு பூட்டியில்ல.

— வரிசையா போனேன். வரிசையா இருக்கு.

— டீக்கடையில உக்காந்து வாக்காளர் லிஸ்டப் பாத்து எழுதினேன்னு சொல்லிடு. திட்டமாட்டேன்.

— அபாண்டமா பேசாத. ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்தேன்.

— அப்ப நாப்பத்தொண்ணு. காசியம்மாள், வயசு நாப்பத்தாறு. இவங்களையும் பாத்த.

— பாத்தேனே. ரொம்ப நல்ல அம்மா. மோர் குடுத்தாங்க.

— இன்னா சொன்னாங்க?

— வீணைன்னா உயிராம். பழைய ரேடியோ ஒண்ணு வெச்சிருக்காங்க. சமைக்கிறப்பல்லாம் அது பாடிக்கினே இருக்கணுமாம். நான் வாசல்லேர்ந்து ஒரு குரல் குடுத்தேன், பாட்ட நிறுத்திட்டு ஓடி வந்தாங்க.

— ஒரு குரலுக்கே வந்துட்டாங்க.

— வந்தாங்கம்மா. என்ன, போலீஸ் மாதிரி கேக்கற?

— ஒண்ணுமில்ல. நெனச்சிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.

— மணி மூணே முக்கால். பேச்ச மாத்தாத. என் ஃபாரத்துல பேரு இருக்கு, கதவு நம்பர் இருக்கு. உன் பதினேழுல என்ன இருக்கு? நீயே எழுதினியோ என்னமோ. பேரச் சொல்லு. நெசமான ஆளுன்னா, ஜன்னலுக்கு இங்கியே கையெழுத்துப் போடறேன்.

— வாக்கு மாறமாட்டியே?

— எலவனாசூர்கோட்டைக்காரன் வாக்கு மாறினதா சரித்திரமே கெடையாது.

— உன் நாப்பத்தொண்ணுதான் என் பதினேழு. காசியம்மாள் எங்கம்மா. எனுக்கு எட்டு வயசு இருக்கறப்ப அதுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போச்சி, வாயப் பாத்துத்தான் பேச்சு புரிஞ்சிக்கும். தெனம் காலைல அந்த ஜன்னலுக்கு எதிர்லதான் ரோடு கூட்டுது. இந்தா, பேனா.